செஞ்சிக்குக் கல் எதற்கு?

1

சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை எங்கள் முறை. நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒரு சலவை அறை இருக்கிறது. அதில் ஒரு துணி துவைக்கும் மெஷின். எட்டுக் குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அங்கே நான்தான் ராஜா. பத்து மணி அடித்ததும் மூன்றாம் மாடி கெர்டா அம்மாள் கூடையோடு கதவருகில் வந்து நிற்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் ஈரத்துணியை வாரிக்கொண்டு மாடிப்படியில் சொட்டச் சொட்ட ஓடுவேன். படியில் சொட்டக்கூடாது என்று சுவரில் ஒரு விதியும் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு விதிகள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் சாமி படத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

மேற்கு ஜெர்மனியில் இரும்பு உருக்கும் ஊர் ஒன்றில், கடைசல் பட்டறையில் எனக்கு வேலை. வந்து ஏழு வருடம் ஆகிறது. பிறந்தது மேல்சித்தாமூர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊர் என்றால் எனக்கு விமலா அக்காவின் வீடுதான். அது செஞ்சி பஜார் தெருவில் இருக்கிறது. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், தண்ணீரை வடிகட்டாமல் தொட மாட்டோம். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

போன சனிக்கிழமை சலவை அறையில் இருந்தபோது என் மனைவி ராஜமதி அக்காவின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீல நிற விமானத் தபால். மெஷின் மேலேயே வைத்துப் பிரித்தேன்.

"தம்பி ஜெயபாலுக்கு. எல்லாரும் சுகம். நீ கொடுத்த மெஷின் ஓடி இன்றோடு எட்டு நாள் ஆகிறது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. அத்தை யாரையும் கிட்டே விடவில்லை. டைப்ரைட்டிங் பரீட்சைக்கு இன்னும் இருபத்தைந்து நாள். எட்டு நாளாக நான் கிளாசுக்குப் போகவில்லை. என்ன செய்யலாம் என்று உடனே எழுது."

கடிதம் வந்து சேர பத்து நாள் ஆகியிருந்தது. என் பதில் போய்ச் சேர இன்னும் பத்து நாள். உடனே எழுதச் சொல்கிறாள் அக்கா.

அந்த மெஷின் செஞ்சியில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கி இந்த மாதத்தோடு இரண்டு வருடம் நிறைகிறது. பிறந்தநாளுக்குப் பூனை பரிசு கொடுத்திருக்கிறது.

2

துணி துவைப்பதற்கும் டைப் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கடிதத்தில் அத்தை என்று வந்த அக்காவின் மாமியார்தான் சம்பந்தம்.

அக்கா பள்ளி இறுதிவரை படித்தவள். கணக்கில் வகுப்பிலேயே முதல். அந்த வருடமே கல்யாணம் செய்து செஞ்சிக்கு அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு மளிகைக்கடை. வீட்டில் மாமா, மாமாவின் கல்யாணமாகாத மூன்று தம்பிகள், நாலு பிள்ளைகள், மாமியார், அக்கா, ஆக மொத்தம் பத்து பேர். மளிகைக்கடையில் நிற்கிறவர்களின் துணி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிளகாய்த் தூள், கடலை எண்ணெய், வெல்லப் பிசுக்கு எல்லாம் அதில் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கிணற்றடிக்குப் போனால் எழுந்திருக்க மணி ஐந்தாகிவிடும்.

பஜார் முனையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். பெண்களுக்கு மூன்றிலிருந்து நாலு மணி. அக்கா மாமாவிடம் கேட்டாள். மாமா அம்மாவைக் கேட்கச் சொன்னார். மாமியாரிடம் கேட்டாள். மாமியார் மறுக்கவே இல்லை. அவர் எதையும் மறுக்க மாட்டார், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

"டைப்பு அடிக்கப் போறியா? போயேன். நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? இந்தத் துணிய மட்டும் யாரு தொவைப்பான்னு சொல்லிட்டுப் போ."

இதை அக்கா அப்படியே கடிதத்தில் எழுதியிருந்தாள். கூடவே, "எனக்குத் தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், தம்பி. ஒரு நாளாவது," என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு எனக்கு அன்று பட்டறையில் வேலை ஓடவில்லை. இரண்டு தண்டுகளை அளவு தப்பிக் கடைந்துவிட்டேன்.

3

அதே வாரம் எங்கள் கட்டிடத்துக்குப் புது மெஷின் வந்தது. பழையதைப் பழைய இரும்புக்குப் போட முடிவு செய்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு உள்ள மெஷின். வெள்ளை எனாமல் அங்கங்கே உதிர்ந்திருந்தது. சுற்ற ஆரம்பித்தால் கருங்கல் ஜல்லியை உருட்டுவதுபோலச் சத்தம்.

நாலு சனி ஞாயிறுகளில் அதைப் பிரித்துப் போட்டேன். பின்தட்டைக் கழற்றியதும் குற்றவாளிகள் வரிசையாக வெளியே வந்தார்கள். பேரிங் காய்ந்து துருப்பிடித்திருந்தது. மோட்டாரின் கார்பன் கட்டைகள் விரல்நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. பெல்ட் வெடித்திருந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து கருப்புப் பூசணம் பிடித்திருந்தது. பேரிங்கைப் பட்டறையில் சொல்லி வாங்கினேன். பெல்ட்டுக்குக் கடைக்குப் போனேன். நான் கேட்ட ஜெர்மன் சொல் இடுப்பில் கட்டுகிற பெல்ட்டுக்கு உரியது. கடைக்காரர் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிறுவர்கள் அணியும் அளவில் மூன்றை எடுத்து வைத்தார்.

எல்லாம் முடிந்து சோதித்தபோது மெஷின் குழந்தை மாதிரி ஓடியது. இனி கப்பலில் ஏற்ற வேண்டியதுதான். அப்போதுதான் மேல்மூடிக்குக் கீழே, டிரம்மைத் தாங்குகிற தொட்டியின் தலையில், நாலு போல்ட் போட்டு முறுக்கிய ஒரு கான்கிரீட் கட்டியைக் கவனித்தேன். தூக்கிப் பார்த்தால் இருபத்தைந்து கிலோ இருக்கும். வெறும் கல். எந்த ஒயரும் அதற்குப் போகவில்லை, எந்தக் குழாயும் அதிலிருந்து வரவில்லை.

கடைசல்காரன் மூளை வேலை செய்தது. கப்பல் கூலி எடைக்குத் தகுந்தபடி. ஜெர்மனியிலிருந்து செஞ்சிக்குக் கல்லைக் கூலி கொடுத்து அனுப்புகிறவன் எவனாவது இருப்பானா? ராஜகிரி மலை கல், கிருஷ்ணகிரி மலை கல், கோட்டைச் சுவர் கல், குளத்துப் படி கல், ரேஷன் அரிசியிலும் கல். செஞ்சிக்குக் கல் எதற்கு? கழற்றிக் கட்டிடத்தின் பின்புறம் புல்தரையில் வைத்துவிட்டேன். ராஜமதி மட்டும், "தேவையில்லாமலா வச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். பெட்டி கட்டும்போது அட்டை வைப்பதில்லையா, அதுபோலத்தான் இது என்று விளக்கினேன். மெஷின்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது அவள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

4

சேர்த்து வைத்திருந்த மூன்று மாத விடுப்பில் கப்பலில் ஊருக்குப் போனேன். மெஷின் முன்னதாகவே மதராஸ் துறைமுகத்துக்கு வந்து காத்திருந்தது. அங்கிருந்த அதிகாரிக்கு அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தார். எதிரொலித்தது. ரேடியோ இல்லை என்று முடிவு செய்தார். குளிர்பெட்டியும் இல்லை. மூன்று நாள் யோசித்து, 'தையல் மெஷின், இதர வகை' என்று எழுதி விட்டுவிட்டார்.

செஞ்சியில் அதைக் கிணற்றடியை ஒட்டிய தாழ்வாரத்தில் இறக்கினோம். மொட்டைமாடியில் ஒரு இரும்பு பீப்பாய் வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் இறக்கித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். தண்ணீர் சுடவைக்கும் கம்பிக்குக் கரண்ட் கொடுத்தால் தெருவே இருட்டாகிவிடும் என்று ஒயர்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, பச்சைத் தண்ணீரே போதும் என்று விட்டுவிட்டோம்.

மாமியார் ஊஞ்சலில் இருந்தபடியே தீர்ப்பின் விதிமுறையைச் சொன்னார்.

"தம்பி, இது தானா தொவைக்கும்னு உங்க அக்கா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்குறா. சரி. நாலு பேரு எதிர்ல தொவைச்சிக் காட்டட்டும். அப்பறம் அவ தாராளமா டைப்புக்குப் போவட்டும். இல்லன்னா இத பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு, அவ கல்லுகிட்டப் போவட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். இந்த வயதிலும் பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

நாலு பேர் என்றால் நாற்பது பேர் வந்தார்கள். துணியைப் போட்டேன், சோப்புத் தூளைப் போட்டேன், குமிழைத் திருப்பினேன். மெஷின் பணிவாகச் சுற்றியது. கண்ணாடிக்குள் மாமாவின் வேட்டி போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. மாமியார்கூட ஊஞ்சலை நிறுத்தினார்.

பிறகு பிழிகிற நேரம் வந்தது. டிரம் வேகம் பிடித்தது. மெஷின் முதலில் லேசாகச் சிலிர்த்துக்கொண்டது. அடுத்து ஒரு குதி. அடுத்தது இரண்டு. அப்புறம் தாழ்வாரத்தைவிட்டு இறங்கிக் கிணற்றை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது.

"பிடிங்கடா!" என்று மாமா கத்தினார். யாரோ அரிசி மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். மூட்டை குதித்துக் கீழே விழுந்தது. அம்மிக்கல்லை வைத்தார்கள். அம்மியும் கூடவே ஆடியது. கடைசியில் மாமாவே ஏறி உட்கார்ந்துகொண்டார். மாமா தொண்ணூறு கிலோ. மெஷின் நடப்பது நின்றது. ஆனால் மாமாவின் கன்னம், தொப்பை, பூணூல் எல்லாம் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன.

எதிர்வீட்டு முனியம்மா அமாவாசை தவறாமல் மேல்மலையனூருக்குப் போய்வருகிறவர். அங்கே அங்காளம்மன் சன்னதியில் சாமி வந்து ஆடுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். மாமா ஆடுகிற ஆட்டம் அவருக்குப் பழக்கமான ஆட்டம். ஓடிப்போய்க் கற்பூரத்தட்டோடு வந்து நின்றார்.

"யாரு நீ? சொல்லு! எங்கேர்ந்து வந்திருக்க?"

மாமா உண்மையைச் சொன்னார். "ஜெ... ஜெ... ஜெ... ஜெர்மனி!"

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. முனியம்மா மட்டும் அசையவில்லை. "அவ்ளோ தூரத்துலேர்ந்து எதுக்கு வந்த? இன்னா வேணும் உனக்கு?"

"நி... நி... நிறுத்துங்கடா!"

நான் பிளக்கைப் பிடுங்கினேன். மாமா இறங்கி, திசை தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்து, தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முனியம்மா அவர் நெற்றியில் குங்குமம் வைத்தார், மிச்சத்தை மெஷினுக்கு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமியார் சிரிக்கவில்லை. "நடக்குற மெஷினு நமக்கு வாணாம் தம்பி. நிக்கிற மெஷினா கொண்டா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா ஈரத்துணியை வாரி எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போய், கான்கிரீட் கட்டியைக் கழற்றிவிட்டு வந்த கதையைச் சொன்னேன். அது பெட்டிக்குள் வைக்கிற அட்டை இல்லை, தொட்டி துள்ளாமல் அமுக்கிப் பிடிக்கிற கை என்பது அப்போதுதான் எனக்கே புரிந்திருந்தது.

அக்கா வேட்டியைப் பிழிந்தபடியே கேட்டாள். "ஏன்டா, அந்தக் கல்லு மேல ஒரு வாட்டி ஏறி உக்காந்துனு யோசிச்சிருக்கக் கூடாது? உனக்கு எப்பவும் அவசரம். அதோட பலன் என் தலையிலதான் விடியுது." குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. நான் திரும்பும் கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

5

கல் வேலை செய்யும் ஏழுமலையை அழைத்துவந்தேன். அவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு, "ஒரலா, அம்மியா, சாமியா?" என்று கேட்டார்.

"மெஷின் வயித்துக்குள்ள வைக்கிற கல்லுங்க."

"வயித்துக்குள்ளயா? இன்னாத்துக்கு?"

"அது ஆடாம இருக்க."

அவர் மெஷினைச் சுற்றி வந்தார். மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தொட்டியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "சரிதான். ஸ்ப்ரிங்குல தொங்குது. தலையில சொமை இல்லன்னா துள்ளத்தான் துள்ளும். கல்ல மேல வைக்கக்கூடாது, இதோட உடம்புல கட்டணும்," என்றார். ஜெர்மனியில் அப்போதே ஐந்து வருடம் மெஷின்களோடு குடித்தனம் நடத்தியிருந்த எனக்குப் பிடிபடாதது அவருக்கு வெற்றிலை மெல்லும் நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

கோட்டைக் கல்லைத் தொட்டால் சர்க்கார் பிடித்துக்கொள்ளும் என்று வேறு பாறையிலிருந்து எடுத்தார். கருங்கல் கான்கிரீட்டைவிடக் கனம் என்பதால் கட்டி சின்னதாக வந்தது. கடலை மண்டியில் தராசில் வைத்தோம். இருபத்தொன்பது கிலோ. மாட்டிப் பார்த்தால் தொட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய்ச் செதுக்கினார். மறுபடியும் தராசு. மறுபடியும் உளி. மூன்றாவது தடவை சரியாக வந்தது. நாலு ஓட்டையையும் பொறுமையாக உளியாலேயே போட்டார். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டயரை வெட்டி வைத்தோம். மாட்டும்போது கவனித்தேன், கல்லின் மேல்பக்கம் ஒரு சின்னத் தாமரை செதுக்கியிருந்தார். மூடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "மொட்டையா குடுத்து எனக்குப் பழக்கமில்லப்பா," என்றார்.

6

இரண்டாவது தடவை கூட்டம் நூறைத் தொட்டது. மாமா சமையலறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

இந்தத் தடவை ஆரம்பமே தகராறு. பீப்பாயில் தண்ணீரை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. மாமியார் மாடிப்படியில் நின்று வடிதுணியைப் பார்த்துவிட்டார். "எத்தினி மடிப்புடி போட்டிருக்க? மூணா? உள்ள எத்தினி ஜீவன் போவுது தெரியுமா? நவுரு." புடவையைச் செருகிக்கொண்டு, நாலு மடிப்பு போட்டு, பீப்பாய் முழுக்க அவரே வடிகட்டினார். வடிதுணியைத் திருப்பிப் பிடித்து நல்ல தண்ணீர் விட்டு, அதில் ஒட்டியிருந்த ஜீவன்களைக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பினார். அரை மணி நேரம் நூறு பேரும் காத்திருந்தார்கள்.

மெஷின் துவைத்தது. பிழிகிற நேரம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரம் வேகம் பிடித்தது. மெஷின் ஒரு தடவை உறுமிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றது. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தேன், அது சிந்தவில்லை. முனியம்மாவுக்கு மட்டும் ஏமாற்றமாகப் போய்விட்டது. சாமி மலையேறிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மாமியாரின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் வழக்கப்படி மெஷினின் கால்பக்கம் இருக்கும் சின்ன மூடியைத் திருகி, உள்ளே இருந்த சல்லடையை வெளியே எடுத்தேன். அதில் நூல் பிசிறும் ஒரு கொண்டை ஊசியும் கடலைத் தோலும் சிக்கியிருந்தன.

"இன்னாது அது?" என்றார் மாமியார்.

"வடிகட்டி, அத்தை."

"இன்னாது?"

"தண்ணிய வடிகட்டுற சல்லடை."

"மெஷினுக்குள்ளயே வச்சிருக்குறானா?"

"ஆமாங்க. இது இல்லன்னா மெஷின் ஓடாது."

அவர் சல்லடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். "ஏன்டி விமலா, இது நம்ம ஆளுடி! வடிகட்டிட்டுத்தான் மத்த வேல பாக்குது! சந்திரனுக்கு ஆள் அனுப்புறேன்னு அவனவன் அலையிறான். தர்மம் தெரிஞ்சி ஒருத்தன் இதப் பண்ணியிருக்கான் பாரு."

சல்லடை வடிகட்டுவது வெளியே போகிற அழுக்குத் தண்ணீரை. அதுவும் பம்பு அடைக்காமல் இருப்பதற்காக. ஜீவன்களைக் காப்பாற்றுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய நல்ல காரியம் அதுதான்.

அவர் அந்தப் பிசிறைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் மெதுவாக வைத்துவிட்டு வந்தார். "நீ போடி உன் டைப்புக்கு. நீ பாத்தா மூணு மடிப்புதான் போடுவ. இத நான் பாத்துக்கறேன்."

அக்கா அடுத்த நாள் மூன்று மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பஜார் முனைவரை கூடப் போய்விட்டு வந்தேன்.

7

கப்பலேறுவதற்கு முன் மெஷினைப் பராமரிக்கும் முறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை சல்லடை. மாதம் ஒரு தடவை கல்லின் போல்ட்டை முறுக்குவது. டிரம்மில் கை நுழையும் அளவு இடம் விட்டுத் துணி போடுவது. துவைத்து முடித்ததும் ரப்பர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பூசணம் பிடிக்காமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைப்பது.

அதை மாமியார் அக்காவைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டார். தினமும் மதியம் முக்காலி போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். தெருப் பெண்கள் பார்க்க வருவார்களாம். குமிழைத் திருப்ப மாமாவுக்குக்கூட உரிமை கிடையாதாம். ஒரு கடிதத்தில், "கெழவன் பல்ல கடிக்கிற மாதிரி சத்தம் வருது, இன்னான்னு தம்பியக் கேளு," என்று எழுதச் சொல்லியிருந்தார். நான் பேரிங்குக்குக் கிரீஸ் டப்பா அனுப்பினேன். அது போய்ச் சேருவதற்குள் அவர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்திருக்கிறது என்று தாமே கண்டுபிடித்து, ஒயர்மேனை வைத்து மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி முறுக்க வைத்துவிட்டார். சத்தம் நின்றுவிட்டதாம். எங்கள் பட்டறை மேஸ்திரிக்கு இதைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வேலை வேண்டுமா என்று கேட்டார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அக்கா நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எனக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன விதி ஒன்றையும் மாமியார் மீறவில்லை. கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன், திறந்து வைத்தார். பூனை உள்ளே போனது.

8

போன சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். குட்டிகளைக் கூடையில் மாற்றலாம் என்று எழுத உட்கார்ந்தால், கடிதத்தின் கீழேயே அக்கா எழுதியிருந்தாள்: "கூடையில் மாற்றலாமா என்று கேட்டேன். தொட்டால் தாய் விட்டுவிட்டுப் போய்விடும், அந்தப் பாவம் உனக்கா எனக்கா என்று அத்தை கேட்கிறார்." மீனைக் காட்டிப் பூனையை வெளியே இழுக்கலாம் என்று எழுத முடியுமா? எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே எழுத முடியாது.

எங்கள் மகள் சுமதிக்கு ஐந்து வயது. அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன், ராஜமதி தலையில் அடித்துக்கொள்வாள். சுமதிக்குச் செஞ்சியைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், காது கொடுத்ததில்லை. பூனை என்றதும் ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள். குட்டிகளுக்குப் பெயர் என்ன, கண்ணாடி வழியாகத் தெரியுமா, நாம் எப்போது போகிறோம் என்று கேள்விமேல் கேள்வி. ஊருக்குப் போகலாம் என்று அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு வந்த கஷ்டத்தில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்தது வெட்கமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குக் கெர்டா அம்மாள் கூடையோடு வந்தபோது என் துணி இன்னும் மெஷினுக்குள்ளேயே இருந்தது. மன்னிப்புக் கேட்டு, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பூனை, அக்கா, பரீட்சை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இப்போது அங்கே யார் துவைக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். அக்காதான் என்றேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

என் பதிலை அன்றே போட்டேன். அது போய்ச் சேருவதற்குள் பரீட்சை முடிந்திருக்காது, ஆனால் படிக்க நாளும் இருக்காது. அதில் உருப்படியாக ஒன்றுமே இல்லை. 'மன்னித்துவிடு' என்று ஒரு வரி இருந்தது.

9

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். முடிவு தெரியாமல் பத்திரிகைக்கு எதை அனுப்புவது? நேற்று கடிதம் வந்தது. அக்கா எழுதியதை அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு. பரீட்சை முடிந்தது. திண்டிவனம் போய் எழுதிவிட்டு வந்தேன். உன் கடிதம் வந்தபோது அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது.

உனக்குப் போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த மறுநாள், சாப்பாடு முடிந்து துணியை எடுக்கப் போனால் துணி மூட்டையைக் காணவில்லை. கிணற்றடியில் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு முன்னால் நிற்கிறார். நவுருங்க அத்த, நான் தொவைக்கிறேன் என்று ஓடினேன்.

'குட்டியத் தொடக்கூடாதுன்னு சொன்னது யாரு? நானு. அப்ப தொவைக்க வேண்டியதும் நானு. குட்டிங்க கண்ணு தொறந்து எறங்கி நடக்க இன்னும் நாளு ஆவும். அதுவரைக்கும் உன் பரீட்ச நிக்குமா? போடி. மணி மூணு ஆவப் போவுது.'

குட்டிகள் இறங்கி நடக்கிறவரை பத்து பேர் துணியையும் அவரே துவைத்தார். என் புடவையைத் தவிர. அதை நான் மறைத்து வைத்து விடியற்காலையில் துவைத்துக்கொண்டேன். மாமியார் கையால் மருமகள் புடவை நனைவது எங்கேயாவது உண்டா?

பரீட்சைக்கு முதல் நாள் கிளாசிலிருந்து வந்து பார்க்கிறேன். கொடியில் என் பருத்திப் புடவை காய்ந்துகொண்டிருக்கிறது. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டிருந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'பரீட்சைக்குப் போறவ கசங்கினத கட்டினு போனா என்னையத்தான ஊரு பேசும்,' என்றார்.

அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து மடியில் கை வைத்ததும் கஞ்சி மொடமொடவென்றது. அவர் ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது, தம்பி. முதல் நாலு வரி எனக்கு எழுத்தே தெரியவில்லை. இரண்டு தப்பு விழுந்திருக்கும். பாஸாகிவிடுவேன்."